பிள்ளை செய்ததை இரவில் நான் திருத்திவிடுகிறேன்: இந்தப் பண்டிகைக்காவது நிறுத்த வேண்டும்

தூறல்

எல்லோருக்கும் வணக்கம். மூத்தவளுக்கு ஐந்தரை வயது, சின்னவனுக்கு இரண்டரை. பண்டிகை விடுமுறைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வீட்டிலேயே சின்னச் சின்ன அலங்காரப் பொருட்களும், கொஞ்சம் தின்பண்டமும் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய ஆசை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம் வண்ணக் காகிதத்தில் சங்கிலி செய்தோம். மூத்தவள் ஒட்டிய வளையங்களில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சிலவற்றில் பசை வழிந்து காகிதமே சுருங்கியிருந்தது. அவள் தூங்கிய பிறகு நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து, ஒரே அளவாக வெட்டி ஒட்டி மாட்டிவிட்டேன். காலையில் எழுந்து வந்தவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். "என்னோட நீல வளையம் எங்கம்மா?" என்று கேட்டாள். அதில் அவள் கட்டைவிரல் பசையோடு பதிந்திருந்ததாம், அதை அடையாளமாக வைத்திருந்திருக்கிறாள். அது குப்பைக் கூடையில் கிடந்தது. அவள் அழவில்லை. அடுத்த நாள் காகிதத்தை எடுத்தபோது, "நீயே செய்மா, நீ செஞ்சாதான் நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அந்த ஒரு வரி இன்னும் என் மனதை அறுக்கிறது. இந்த முறை அவர்கள் கையால் செய்ததே சுவரில் இருக்க வேண்டும். இருவரும் ஒன்றாக உட்காரும்படி, நான் புகுந்து பிடுங்காதபடி என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாவுக்கை

தூறல், உப்பு மாவில் தொடங்குங்கள். எங்கள் வீட்டில் நான்கு வருஷமாக இதுதான். 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, 1 கப் தண்ணீர். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாதீர்கள், கடைசிக் கால் கப்பை மாவைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். கையில் ஒட்டாத பதம் வரும்வரை பத்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். பிசையும் வேலையைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடலாம், அது கெட்டுப்போக வழியே இல்லை.

அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான கனத்தில் தேய்த்து, அச்சு வைத்து வெட்டி, மாட்டுவதற்கு ஸ்ட்ராவால் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டையை விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் போட்டால் காய்ந்த பிறகு அந்த இடம் உடையும், ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளிப் போட வேண்டும். ஓவனில் 100 முதல் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மேல்பக்கம் சட்டென்று காய்ந்து மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிக் கொப்புளம் கொப்புளமாக உப்பிவிடும். ஓவன் இல்லாவிட்டால் காற்றாட வைத்தாலே போதும். சில நாட்கள் ஆகும், அவ்வளவுதான். தினம் ஒருமுறை திருப்பி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பார்ப்பதற்குப் பிஸ்கட் மாவு மாதிரியே இருக்கும், ஆனால் அதில் உப்பு மிக அதிகம். சின்னவன் வாயில் போட்டுத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், இந்த அளவு உப்பு நாய்க்கு உயிராபத்து.

ஒற்றைச்சிறகு

காகிதச் சங்கிலியை விட்டுவிடாதீர்கள். மனத்தாங்கல் வந்த இடத்திலேயே அது சரியாவதுதான் நல்லது. இந்த முறை அதை நாட்காட்டியாக்கிவிடுங்கள். பண்டிகைக்கு எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை வளையம். தினம் காலையில் ஒரு வளையத்தைப் பிள்ளையே கிழித்து எடுக்கட்டும். எப்படியும் கிழிக்கப்போகிற வளையம் கோணலாக இருந்தால் உங்களுக்கும் உறுத்தாது. ஏ4 தாளைக் குறுக்குவாட்டில் 3 செ.மீ. அகலத்துக்கு வெட்டினால் ஒன்பது பட்டை வரும், மூன்று தாள் இருந்தால் மூன்று வாரத்துக்குப் போதும். பட்டையின் உள்பக்கம் அன்றைய வேலையைச் சின்னப் படமாக வரைந்துவிட்டு ஒட்டுங்கள். கிழிக்கும்போது படம் வெளியே வரும். என் பேரனுக்கு அதற்காகவே தினமும் சீக்கிரம் விழிப்பு வந்துவிடும்.

பசை விஷயத்தில் ஒன்று. வழிகிற வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது, மெல்லிய காகிதம் அதனால்தான் சுருங்குகிறது. சங்கிலிக்குக் குச்சிப் பசை போதும். ஒட்டிவிட்டுப் பத்து வரை எண்ணிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாலர்வகுப்பு

நான் பல வருஷமாக மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். உங்கள் பதிவில் அந்த நீல வளையத்தைப் படித்ததும் மனது கனத்துவிட்டது. நீங்கள் மட்டுமல்ல, நிறையப் பெற்றோர் இதைச் செய்கிறார்கள். வகுப்பில் நானும் ஆரம்ப காலத்தில் செய்திருக்கிறேன். சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் ஓரத்தை நேராக வெட்டிவிடுவேன். பிள்ளைகளுக்கு அது தெரியாது என்று நினைத்தேன். அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

என்னைக் கேட்டால் முதலில் நிறுத்த வேண்டியது மாதிரி செய்து காட்டுவதை. நீங்கள் ஒன்றை அழகாகச் செய்து மேசையில் வைத்துவிட்டால், பிள்ளையின் கண் அதிலேயே நிற்கும். தன் கையில் இருப்பது அதுபோல இல்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அதற்குப் பதில் செய்கையைக் காட்டுங்கள். மடிப்பது எப்படி, கத்தரிக்கோலைத் திறந்து மூடுவது எப்படி என்று ஒரு கழிவுத்தாளில் காட்டிவிட்டு அந்தத் தாளை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, எந்த வயதுக் கைக்கு என்ன வரும் என்று தெரிந்துகொண்டால் எரிச்சல் பாதி குறையும். மூன்று வயதை ஒட்டித்தான் காகித ஓரத்தைச் சின்னச் சின்னதாகக் கத்தரிக்க வரும். நான்கு வயதில் நேர்கோட்டில் வெட்டுவார்கள். வட்டமாக வெட்ட ஐந்து, ஆறு ஆகும். பிள்ளைக்குப் பிள்ளை இது மாறும். இரண்டரை வயதுக்காரனுக்குக் கத்தரியே வேண்டாம், கிழிக்கக் கொடுங்கள். கிழிப்பது இரண்டு கை விரல்களும் எதிரெதிராக வேலை செய்யும் நல்ல பயிற்சி. அவன் கிழித்துப் போடுகிற துண்டுகளை அக்கா அட்டையில் ஒட்டினால் இருவருக்கும் ஒரே வேலை, சண்டையும் இல்லை. கத்தரி பழகுகிறவர்களுக்கு மெல்லிய தாளைவிடக் கொஞ்சம் தடித்த தாள் சுலபம். மெல்லியது அலகுகளுக்கு நடுவே மடிந்துகொள்ளும்.

நேரமும் முக்கியம். சின்னவன் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே பெரிது, மூத்தவள் இருபது இருபத்தைந்து நிமிடம். அளப்பது, பட்டை வெட்டுவது, மேசையில் பழைய விரிப்பு போடுவது எல்லாவற்றையும் முந்தின நாளே முடித்துவிடுங்கள். பிள்ளை உட்கார்ந்த பிறகு நீங்கள் பசையைத் தேடி எழுந்து போனால் அந்தப் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

"அழகா இருக்கு" என்று சொல்வதைவிட, "இந்த மூலையில மட்டும் ஏன் இவ்வளவு சிவப்பு?" என்று கேட்டுப்பாருங்கள். ஒரு கதையே வரும்.

வெள்ளைக்காகிதம்

பாலர்வகுப்பு அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பெரியவர்களுக்கும் செய்ய ஆசை இருக்கிறது. தூறல் அந்த ஆசையை மொத்தமாக அடக்கினால் அது மறுபடி இரவில்தான் வெளியே வரும். நான் எனக்கென்று தனித் தட்டு, தனிக் காகிதம், தனிக் கத்தரி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் மேசையின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். என்னுடையதை என் அலமாரியில் மாட்டுகிறேன், அவர்களுடையது கூடத்தில். நான் தப்பாக வெட்டிக் கிழித்துக்கொள்வதையும் அவர்கள் பார்க்கிறார்கள். "அப்பாவோடது கிழிஞ்சு போச்சு" என்று ஓடிவந்து டேப் ஒட்டிக் கொடுக்கிறார்கள்.

பாலர்வகுப்பு

நீங்கள் சொல்வது சரிதான், பக்கத்தில் உட்கார்ந்து தானும் செய்வது வேறு, மாதிரியாக முன்னால் வைப்பது வேறு. ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும்: பிள்ளை செய்கிற அதே பொருளை அதே நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டாம். அவள் நட்சத்திரம் செய்தால் நீங்கள் பூச் செய்யுங்கள்.

தூறல்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தனித் தட்டு யோசனை எனக்காகவே சொன்னது போல இருக்கிறது. உப்பு மாவும் நாட்காட்டிச் சங்கிலியும் உறுதி.

தின்பண்டத்துக்கு என்ன செய்யலாம்? சின்னவனை அடுப்புப் பக்கம் விட எனக்குப் பயம். ஆனால் அக்கா செய்யும்போது அவனை வெளியே நிறுத்தினால் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பான்.

சமையலறைச்சாளரம்

பயம் நியாயமானது. அதனால் வேலையைச் சூட்டு வேலை, குளிர் வேலை என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். சூட்டு வேலை முழுக்க உங்களுடையது, முடிந்தால் அவர்கள் மேசைக்கு வருவதற்கு முன்பே. மீதியெல்லாம் அவர்களுடையது.

முதல் தடவைக்கு நான் சொல்வது வாழைப்பழ வில்லைகள். பழத்தை மூத்தவளே மொண்ணைக் கத்தியால் வெட்டலாம். சாக்லேட்டை நீங்கள் உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கொடுங்கள். வில்லையைப் பாதி முக்கி, பட்டர் பேப்பரில் வைத்து, மேலே ஏதாவது தூவி, ஃப்ரீசரில் ஒரு மணி நேரம். தூவுவது சின்னவன் வேலை. ஒரு வில்லை மேல் மலை மாதிரி கொட்டுவான், அடுத்ததில் ஒன்றுமே இருக்காது. விட்டுவிடுங்கள், ருசிக்கு ஒன்றும் ஆகாது.

சாக்லேட் உருக்கும்போது பாத்திரம், கரண்டி இரண்டும் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால்கூட உள்ளே இருக்கிற சர்க்கரையும் கோகோத் தூளும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் கட்டிதட்டி மணல் போல ஆகிவிடும். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், மேல் பாத்திரத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது.

அடுத்தது பிஸ்கட். எனக்கு மனப்பாடம் ஆன ஒரே அளவு 1, 2, 3. சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மைதா 300. முட்டை வேண்டாம். கலந்து பிசைந்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெண்ணெய் இறுகினால்தான் அச்சு சுத்தமாக வெட்டும். 160 டிகிரியில் பதினைந்து நிமிடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள், ஓரம் லேசாகப் பொன்னிறமானால் எடுத்துவிடலாம். வேகாத மாவைத் தின்னக் கொடுக்காதீர்கள். முட்டை இல்லாவிட்டாலும் பச்சை மைதாவிலேயே கெட்ட கிருமிகள் இருக்கலாம். மேலே பூசுவதற்கு ஐசிங் சர்க்கரை ஒரு கப்பில் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி பால் விட்டுக் குழைத்தால் போதும். பச்சை முட்டை வெள்ளைக் கருவில் செய்கிற ஐசிங் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

முக்கியமாக, உப்பு மாவும் பிஸ்கட் மாவும் ஒரே நாளில் செய்யாதீர்கள். இரண்டரை வயதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு நாள் "தின்னக் கூடாது" என்று சொன்ன அதே மேசையில் அதே நாள் "தின்னலாம்" என்றால் அவனுக்கு எப்படிப் புரியும்?

கூடத்துவிளக்கு

பாதுகாப்புக்குச் சில விஷயங்கள், நேரடியாகவே சொல்கிறேன். பாப்கார்ன் நான்கு வயதுக்குள் வேண்டாம், முழுக் கொட்டைகள் ஐந்து வயதுக்குள் வேண்டாம். மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். திராட்சை வைத்தால் நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் தர வேண்டும். விருந்துக்கு ஒரு வயது நிறையாத குழந்தை வந்தால் தேன் சேர்த்த எதுவும் அதற்குக் கூடாது, வேகவைத்ததாக இருந்தாலும். சின்ன மணி, பொத்தான் எல்லாம் வாங்கும்போது கழிவறைக் காகிதச் சுருளின் உள்ளட்டைக்குள் போட்டுப்பாருங்கள். அதற்குள் நுழைகிற எதுவும் சின்னவன் கைக்குப் போகக் கூடாது.

அப்புறம், மினுக்கும் குட்டி விளக்குகளில் இருக்கிற பட்டன் பேட்டரி. விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இல்லாவிட்டால் அந்த விளக்கே வேண்டாம்.

இருமகளப்பா

கத்தரிக்கோல் பேச்சு வந்ததால் என் கதை. இளையவளுக்கு அப்போது ஐந்து வயது. கத்தரியைக் கொடுத்தாலே முகம் சுருங்கிவிடும். காகிதம் வெட்டுப்படாமல் அலகுக்குள் மடியும், கோட்டை விட்டு எங்கோ போகும். "கவனமா வெட்டு" என்று நானும் அதட்டியிருக்கிறேன். அவள் கை நடுங்கும். அக்கா ஐந்து பூ வெட்டி முடிக்கும்போது இவள் ஒன்றைக் கிழித்து வைத்திருப்பாள்.

உறவில் ஒருவர் வந்திருந்தபோது பார்த்துவிட்டு, "குழந்தை இடது கைக்காரி, நீங்க வலது கைக் கத்தரிய குடுத்திருக்கீங்க" என்றார். எனக்கு அதுவரை கத்தரியில் அப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே தெரியாது. சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால், கட்டைவிரலின் அழுத்தம் அலகுகளைச் சேர்ப்பதற்குப் பதிலாகப் பிரித்துவிடுகிறது. மேல் அலகு கோட்டையும் மறைத்துவிடும். அவள் கண்ணுக்குக் கோடே தெரியாமல்தான் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இடது கைக் கத்தரி வாங்கிக் கொடுத்த அன்று ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. வெட்டிய துண்டுகளை மடியில் அள்ளிக்கொண்டு வந்து காட்டினாள்.

பிள்ளைக்கு வரவில்லை என்று முடிவு செய்வதற்குமுன் கையில் இருக்கிற சாமானை ஒருமுறை பாருங்கள்.

மடித்து வெட்டும் காகிதப் பூவுக்கும் ஒரு வார்த்தை. ஆறு இதழ் வர மடித்தால் பன்னிரண்டு அடுக்கு ஆகிவிடும், பிள்ளையின் கத்தரி அதில் இறங்காது. சதுரத் தாளை இரண்டே முறை மடியுங்கள், நான்கு அடுக்குதான். பிரித்துப் பார்க்கும் அந்தக் கணம் எத்தனை இதழாக இருந்தாலும் ஒன்றுதான்.

தூறல்

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்திருக்கிறேன். நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சங்கிலி முதலில். மூத்தவள் தொடவே தயங்கினாள். "கிழிக்கிறதுக்குத்தான் செய்யறோம்" என்று சொன்னதும் ஒட்ட ஆரம்பித்தாள். முதல் வளையத்துக்கு நீலப் பட்டையைத்தான் எடுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கடைசி நாளுக்கென்று ஓரத்தில் மாட்டச் சொன்னாள்.

போன சனிக்கிழமை உப்பு மாவு. மாவுக்கை சொன்ன அளவு அப்படியே வந்தது, தண்ணீர் மட்டும் இரண்டு கரண்டி மிச்சம். மூத்தவள் அச்சு வைத்து எட்டு நட்சத்திரம் வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டைவிரலை அழுத்திக் குழியாக்கினாள். எனக்கு அந்தக் குழிகள் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. என் தட்டில் இலை வடிவம் தேய்த்துக்கொண்டிருந்தேன், கை அதிலேயே இருந்ததால் பிழைத்தேன். சின்னவன் அச்சைத் தூர எறிந்துவிட்டான். ஒரு உருண்டை பிடித்து, அதைத் தட்டையாக்கவும் விடாமல், ஸ்ட்ராவால் குத்திக்கொண்டே இருந்தான். பதினோரு ஓட்டை. அவன் பத்து நிமிடம் அல்ல, இருபது நிமிடம் உட்கார்ந்தான், அந்த ஓட்டைகளுக்காக.

ஓவனில் இரண்டரை மணி நேரம். நட்சத்திரங்கள் நன்றாகக் காய்ந்தன, ஒன்று மட்டும் கன்னம் மாதிரி உப்பிவிட்டது. உருண்டை தடியாக இருந்ததால் உள்ளே காயவில்லை, அதை வெளியே காற்றில் மூன்று நாள் வைத்தேன்.

அன்று இரவு பிள்ளைகள் தூங்கியதும் நட்சத்திரங்களின் ஓரத்தில் பிசிறு தெரிந்தது. உப்புத்தாள் கையில் எடுத்துவிட்டேன். இரண்டு தேய்ப்பு, யாருக்கும் தெரியாது. பாலர்வகுப்பு அக்கா எழுதிய "அவர்களுக்கு நன்றாகவே தெரியும்" என்ற வரி அப்போது நினைவுக்கு வந்தது. தாளை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு என் இலைகளை மட்டும் தேய்த்தேன்.

காலையில் அவள் நேராகத் தட்டுக்குப் போனாள். ஒவ்வொரு நட்சத்திரத்தையும் எடுத்துத் தன் கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்து வைத்துப் பார்த்தாள். எட்டும் பொருந்தின. உப்பியதிலும்கூட. "நீ மாத்தலையாம்மா?" என்றாள். இல்லை என்றேன். பிறகு தூரிகையை எடுத்து என் கையில் கொடுத்து, "உனக்கு ரெண்டு தரேன், நீ மஞ்சள் அடி" என்று பங்கு பிரித்துக் கொடுத்தாள்.

வாழைப்பழ வில்லைகள் நாளைக்கு. ஒரு சந்தேகம்: நட்சத்திரங்களை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்க முடியுமா?

மாவுக்கை

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது, தூறல். எடுத்து வைக்கலாம். உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், அதனால் அப்படியே விட்டால் மழை நாளில் வியர்த்துப் பிசுபிசுவென்று மெத்தாகிவிடும். வண்ணம் நன்றாக உலர்ந்த பிறகு முன்பக்கம், பின்பக்கம், ஓட்டையின் உள்பக்கம் எல்லாம் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில், ஜன்னல் திறந்து வைத்து. ஒவ்வொன்றையும் மெல்லிய காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பையோடு வையுங்கள். அந்தப் பையும் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. டப்பாவின் மேல் வருஷத்தை எழுதிவிடுங்கள். உருண்டையை மட்டும் இன்னும் ஒரு வாரம் காய விடுங்கள், நடுவில் ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும்.

தூறல்

நட்சத்திரங்களுக்கு வார்னிஷ் அடித்தாயிற்று. டப்பாவின் மேல் வருஷத்தை மூத்தவள் எழுதினாள், ஒரு எண் திரும்பி நிற்கிறது, அப்படியே இருக்கிறது. உருண்டையை மேலே அலமாரியில் காய வைத்திருக்கிறேன். சின்னவன் தினம் காலையில் தூக்கிக் காட்டச் சொல்லி ஓட்டைகளை எண்ணுகிறான். அவனுக்கு மூன்று வரைதான் தெரியும், மூன்று வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறான்.